பெர்ரர், ஸ்ட்ரெரர், ஸ்ட்ரெரர்_ஆர்: சி நிரலில் பிழை எண்ணைச் சொல்லாக்க எதை நம்பலாம்?

கோப்பைத் திறக்கப்போன ஓபன் செயற்கூறு -1 என்று திரும்புகிறது. பிழை எண் பதியும் எர்நோ மாறியில் 2 இருக்கிறது. இரவுப் பணியில் பதிவுக் கோப்பைப் புரட்டுபவருக்கு அந்த 2 என்ன சொல்லும்? ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்றிருந்தால் ஒரே பார்வையில் விளங்கும். எண்ணுக்கு நிலையான பொருளும் இல்லை: ‘மீண்டும் முயல்க’ என்னும் பிழையான ஈஅகெய்ன் இன்டெல் லினக்ஸில் 11, மேக்கில் 35.

சிறு கட்டளை நிரலுக்குப் பெர்ரர் போதும். கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதன் பக்கத்தில் காரணத்தையும் சேர்த்துப் பிழைச் செய்திகளுக்கான வெளியீடான பிழைத்தாரைக்கு (stderr) எழுதிவிடும். செய்தி நம் கைக்கு வராது என்பதுதான் குறை.

ஸ்ட்ரெரர் செய்தியைக் கையில் தருகிறது. ஆனால் ஒரே நேரத்தில் பல இழைகள் (threads) ஓடும் நிரலில் அதன் பாதுகாப்புக்கு, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொதுத் தரமான போசிக்ஸ் உறுதி தரவில்லை. லினக்ஸில் பரவலான சி நூலகமான ஜிலிப்சி, 2020இல் வந்த 2.32 பதிப்பில்தான் இதைச் சரிசெய்தது. பழைய கணினிகளிலும் ஓட வேண்டிய நிரலில் இதை நான் சேர்ப்பதில்லை.

அப்படியானால் ஸ்ட்ரெரர்_ஆர்? என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் இருக்கின்றன. போசிக்ஸ் வடிவம் நாம் தரும் இடையகத்தில் (நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தில்) செய்தியை எழுதி, வெற்றி என்றால் 0 தரும். ஜிலிப்சியின் குனு வடிவம் செய்தியின் சுட்டியை, அதாவது அது இருக்கும் நினைவக முகவரியைத் தரும். இடையகத்தைத் தொடாமலே விட்டுவிடவும் கூடும். ‘விடை 0 என்றால் வெற்றி’ என்று நான் எழுதியிருந்தேன். வேறொரு தேவைக்காக யாரோ _குனு_சோர்ஸ் மாக்ரோவை இயக்க, குனு வடிவம் வந்துவிட்டது. அது தரும் சுட்டி 0 ஆகாது என்பதால் அன்றுமுதல் எல்லாப் பிழைக்கும் ‘காரணம் தெரியவில்லை’ என்றே பதிவானது. சுட்டியை 0உடன் ஒப்பிடுவது சி மொழியில் முறையானதே. அதனால் கம்பைலர் வாய் திறக்கவில்லை.

இப்போது என் தேர்வு, போசிக்ஸ் 2008இல் இடம்பெற்ற ஸ்ட்ரெரர்_எல். இழைகளுக்குப் பாதுகாப்பானது, ஒரே வடிவம்தான். நிரல் தொடங்கும்போதே நியூலோகேல் மூலம் ‘சி’ லோகேலை (மொழி அமைப்பை) ஒருமுறை உருவாக்கிக்கொள்கிறேன். பயனரின் மொழி எதுவானாலும் பதிவுகளில் ஒரே சொற்கள் வருவதால் தேடுவது எளிது. புதிய ஜிலிப்சி மட்டும் என்றால் ஸ்ட்ரெரர்நேம்_என்பி இன்னும் நல்லது. எண் 2க்கு ‘ஈநோஎன்ட்’ என்று பிழையின் பெயரையே தந்துவிடும்.

எதைக் கொண்டு எழுதினாலும், தோல்வி தெரிந்த அடுத்த வரியிலேயே எர்நோவைத் தனி மாறியில் எடுத்துவைத்துவிடுங்கள். இடையில் ஒரு பிரின்ட்எஃப் வந்தாலும், அது வெற்றியாகவே முடிந்தாலும், எர்நோ மாறிப்போயிருக்கலாம்.