மார்ட்டி ரிப்போர்ட்: மஸ்டாங் ஏலத்தில் கை தூக்கும் முன்

ஃபோர்டின் பழைய மஸ்டாங் கார் ஏலத்துக்கு வந்தால், பட்டியலில் ‘மார்ட்டி ரிப்போர்ட் உண்டு’ என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் வாங்க வருபவர்களில் பாதிப் பேருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதி கொஞ்சம் அவசரமானது.

அரிசோனாவிலுள்ள மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ், ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கிறது. பதிவுகள் 1967 மாடலிலிருந்து தொடங்குகின்றன. 11 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், வண்டி ஆலையை விட்டுப் போனபோது அதில் என்ன இன்ஜின், என்ன கியர்பாக்ஸ், என்ன பெயின்ட், எந்தெந்த ஆப்ஷன் இருந்தன என்று அச்சடித்துத் தருவார்கள். இன்று பானெட்டுக்கு அடியில் எந்த இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்தத் தாளில் இருக்காது. இருப்பதாக அவர்களும் சொல்லவில்லை, ஏலத்தில் விற்பவர்தான் சொல்லாமல் சொல்கிறார்.

மூன்று வகை கிடைக்கிறது. ஸ்டாண்டர்டில் எண்ணின் விளக்கமும் ஆப்ஷன் பட்டியலும் வரும். டீலக்ஸில் தயாரிப்புத் தேதிகளும், வண்டியின் குறியீடுகள் பொறித்துக் கதவில் இருக்க வேண்டிய தகட்டின் நகலும் சேரும். எலைட் என்பது படம் போலச் சட்டம் போட்டு வருவது, தயாரிப்புப் புள்ளிவிவரமும் உண்டு. ஏலத்துக்குப் போகிறவர் டீலக்ஸ் வாங்கினால் போதும். எலைட்டைச் சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும்.

இந்த ரிப்போர்ட் காசுக்கு உண்மையிலேயே தகுதியாகும் இடம், 428 கோப்ரா ஜெட் என்ற இன்ஜின் போட்ட 1969 மாடல். சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும்: ராம் ஏர் (பானெட் வழியாக இன்ஜினுக்கு வெளிக்காற்று விடும் அமைப்பு) இருந்தால் ஆர், இல்லாவிட்டால் க்யூ. ஆனால் அதைவிட விலை கூடிய சூப்பர் கோப்ரா ஜெட்டுக்குத் தனி எழுத்தே கிடையாது. 3.91 அல்லது 4.30 பல் விகிதத்தில் பின் ஆக்சில் கேட்டு வாங்கிய வண்டிக்குத்தான் அந்த இன்ஜின் வந்தது. எனவே ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சில் வரி. அங்கே 3.50 என்று இருந்து, பட்டியலில் ‘சூப்பர்’ என்று போட்டிருந்தால் பேச்சே வேண்டாம், அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடலாம். 3.91 இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் டார்ச் அடித்து, இன்ஜின் ஆயில் கூலர் இருக்கிறதா என்று பாருங்கள். கூலரைப் பின்னால் வாங்கி மாட்டலாம்தான். உள்ளே இருக்கும் கனமான கனெக்டிங் ராடும், கிராங்க் முனையில் கூடுதலாகப் போடும் எடையும் இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும். ஏலக் கொட்டகையில் யாரும் பிரிக்க விடமாட்டார்கள்.

அடுத்தது இன்ஜின் பிளாக். 1968 முதல் பிளாக்கிலும் கியர்பாக்ஸ் கூட்டிலும் வருட எண், ஆலை எழுத்து, கடைசி ஆறு எண்கள் குத்தியிருப்பார்கள். பிளாக்கில் அது பின்புறம், எளிதில் கண்ணுக்குப் படாத இடம். கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் இல்லாமல் போகாதீர்கள். வார்ப்புத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 9ஏ15 என்றால் 1969 ஜனவரி 15. வண்டி தயாரான தேதிக்குப் பிறகு வார்த்த பிளாக், அந்த வண்டியோடு பிறந்ததாக இருக்க முடியாது. கதவுத் தகட்டில் இருப்பது திட்டமிட்ட தேதி. டீலக்ஸில் வரும் உண்மையான தேதி அதிலிருந்து சில நாள் தள்ளியிருந்தால் அதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதவுத் தகடு பளபளவென்று இருந்தால் மகிழ வேண்டியதில்லை. புதுத் தகடு அடித்துத் தரும் வேலையையும் இதே நிறுவனம் செய்கிறது. ரெஸ்டோர் செய்பவர்களுக்கு அது நியாயமான தேவை. ஆனால் ரிப்போர்ட்டும் தகடும் ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சாட்சி தேடினால், ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டது போலத்தான். சேசிஸ் எண்ணை மட்கார்டுக்குக் கீழே உடம்பில் குத்தியிருக்கும் இடத்தில் படித்து, ரிப்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

எலைட்டின் புள்ளிவிவரத்தால் வந்த வினை ‘ஒன்றில் ஒன்று’ என்ற விளம்பரம். பெயின்ட், சீட் துணி, ரேடியோ, கண்ணாடி என்று வடிகட்டிக்கொண்டே போனால் எந்த வண்டியும் கடைசியில் ஒன்றாகத்தான் நிற்கும். வெளிர் மஞ்சளில் ஏஎம் ரேடியோவோடு ஒரே ஒரு வண்டி வந்தது என்பதற்காக யாரும் கூடுதல் பணம் தரப்போவதில்லை. விலையைத் தூக்குவது இன்ஜின், நான்கு கியர், ஒரிஜினல் பிளாக், அப்புறம் வண்டியின் வரலாறு.

வரலாற்றுக்கு உதாரணம் வேண்டுமென்றால், 1968-ல் ஸ்டீவ் மெக்வீன் சினிமாவில் ஓட்டிய பச்சை மஸ்டாங். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமீயில் மீகம் நிறுவனம் நடத்திய ஏலத்தில், ரெஸ்டோர் செய்யாத நிலையிலேயே, 34 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. வாங்குபவர் கமிஷன் 10 சதவீதம் சேர்ந்து 37.4 லட்சம். செய்தியில் எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு உங்கள் உச்ச வரம்பைப் போடுங்கள். கமிஷனை மறந்து கை தூக்கியவர்கள் நிறைய.

பாஸ் 429 என்ற மஸ்டாங் வகைக்குத் தாளை விடக் கண்ணே பெரிய சாட்சி. எண்ணில் இசட் எழுத்தும் டியர்பார்ன் ஆலையின் எஃப் எழுத்தும் இருந்தே ஆக வேண்டும், வேறு ஆலை எழுத்து இருந்தால் போலி. அகன்ற இன்ஜினை உள்ளே இறக்க முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் ஷாக் டவர்களையே மாற்றியமைத்தார்கள். அந்த வேலையைப் போலி செய்பவர்கள் அரிதாகவே சுத்தமாகச் செய்கிறார்கள். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் கேகே (அந்த வேலையைச் செய்த கார் கிராஃப்ட் பட்டறையின் சுருக்கம்) என்று தொடங்கும் ஸ்டிக்கர் இருக்கும். அதற்கும் நகல் உண்டு என்பதால் ஷாக் டவரின் வெல்டிங் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

1965, 1966 மஸ்டாங்குக்கு இந்த ரிப்போர்ட் கிடையாது. அந்த வருட ஜிடி350, அதாவது மஸ்டாங்கை ஷெல்பி நிறுவனம் மாற்றியமைத்த வண்டி, வாங்குகிறவர்கள் ஷெல்பி கிளப்பின் பதிவேட்டில் எண்ணைத் தேடிவிட்டு வரட்டும்.