விரதக்காரியோடு ஒரு வியாழக்கிழமை

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கொடியேற்றத்தன்றே காப்புக் கட்டிக்கொண்ட என் தோழி தொலைபேசியில் அழைத்தாள். “வியாழக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். தையல்கடையில் ரவிக்கையை வாங்க வேண்டும், பூசைச் சாமான் வாங்க வேண்டும். நீயும் வாடி, பேசிக்கொண்டே நடப்போம்” என்றாள். அவள் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். நான் படிக்கவென்று மொரீஷியஸிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய், கோயம்புத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டு 22 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது மொரீஷியஸுக்கு வந்திருந்தேன். எங்கள் பேச்சு தமிழில் தொடங்கி, மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில் புரண்டு, மறுபடி தமிழுக்கே வந்து சேரும்.

ரோஸ் ஹில் நகரில் மெட்ரோ ஏறினோம். நான் ஊரை விட்டுப் போகும்போது இது இல்லை. 2019 டிசம்பரில் தலைநகர் போர்ட் லூயிக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே ஓடத் தொடங்கி, 2022 அக்டோபரில் கியூர்பிப் நகர் வரை நீண்டிருக்கிறது. 1964-இல் மூடப்பட்ட பழைய ரயில் பாதையின் தடத்தைத்தான் பெரும்பாலும் ஒட்டிப் போகிறது. கட்டியது நம் லார்சன் அண்டு டூப்ரோ. பெட்டியும் நடைமேடையும் ஒரே மட்டம். கைத்தடியோடு வந்த ஒரு பாட்டி யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். பஸ் படிக்கட்டில் என் அம்மா பட்ட பாடு நினைவுக்கு வந்தது. டிக்கெட் இயந்திரத்தின் முன் நான் விழித்துக்கொண்டு நின்றபோது, அங்கிருந்த பணியாளர் தாமாகவே வந்து எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார்.

வழியில் கோரமண்டல் என்று ஒரு நிலையம். சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் அப்படித் திரிந்தது. பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “வந்த புதிதில் எல்லாரும் இப்படித்தான்” என்று தோழி சிரித்தாள்.

போர்ட் லூயி மத்தியச் சந்தையின் இரும்பு வாயிலில் விக்டோரியா மகாராணியின் பெயரெழுத்துகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே காய்கறிப் பக்கம் போனால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கீரை விற்ற பெரியவர் முருங்கைக்கீரைக் கட்டைத் தூக்கிக் காட்டி, “மூரும், மூரும்” என்று கூவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் பீர்க்கங்காய்க்குப் பெயர் ‘பிபங்காய்’. அந்தக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தால் சீன வம்சாவளி. தமிழில் ஒரு வாக்கியம் அவருக்குத் தெரியாது. ஆனால் நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த சொல்லை நாள் முழுக்கச் சொல்லித்தான் பிழைக்கிறார். வெற்றிலை, கற்பூரம், மஞ்சள், இரண்டு டஜன் எலுமிச்சம்பழம் வாங்கினோம்.

பணம் கொடுக்கும்போது தோழி ஒரு நூறு ரூபாய்த் தாளை என் பக்கம் திருப்பினாள். அதில் இருப்பது மொரீஷியஸ் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் முகம். தொகை ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழில் இருக்கிறது. 1998-இல் புதிய தாள்களில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சடித்தபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். “புதிதாக வரும் பிள்ளைகளுக்கு என் முதல் பாடமே இந்தத் தாள்தான். வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைகூடப் பணத்தில் தமிழ் இருப்பதைப் பார்த்துவிட்டால் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடும்” என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. எனக்கும்தான்.

பதினோரு மணிக்குப் பசித்தது. தோல் பூரிக் கடையில் வரிசை நீளமாக இருந்தது. அரைத்த கடலைப் பருப்பைப் பூரணமாக வைத்து மெல்லியதாகத் தேய்த்துச் சுட்டு, மொச்சைக் குழம்பும் ருகாய் என்னும் தக்காளித் தொக்கும் கொத்தமல்லிச் சட்டினியும் தடவி, இரண்டிரண்டாகச் சுருட்டிக் காகிதத்தில் தருவார்கள். எங்கள் முறை வந்ததும், கடைக்காரர் தோழியின் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தார். “காரெம்?” என்று ஒரே சொல்தான் கேட்டார். விரதமா என்று பொருள். அவள் தலையசைத்ததும் கையைக் கழுவினார், இறைச்சிக் குழம்பின் பக்கம் இருந்த கரண்டியை ஒதுக்கினார், உள்ளேயிருந்து வேறு கரண்டியும் புதிய காகிதமும் எடுத்து வந்தார். பின்னால் முப்பது பேர் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எத்தனையோ பெரிய உணவகங்களில் சாப்பிட்டிருக்கிறேன். வாடிக்கையாளரைக் கவனிப்பது என்றால் இனி எனக்கு அந்த ஒற்றைச் சொல்தான் நினைவுக்கு வரும்.

சப்ஜா விதையும் கடற்பாசியும் மிதக்கும் அலூடா என்னும் குளிர்ந்த பால் பானத்தை ஆளுக்கொன்று குடித்துவிட்டு ரோஸ் ஹில் திரும்பினோம்.

அங்கேதான் சங்கடம். தையல்கடைக்குத் தோழி மூன்று வாரத்துக்கு முன்பே துணி கொடுத்து, முழுப் பணமும் கட்டியிருந்தாள். வியாழன் பிற்பகல் தயார் என்று சீட்டிலும் எழுதியிருக்கிறது. போய்க் கேட்டால் துணியை இன்னும் வெட்டவே இல்லை. முகப்பில் இருந்த பெண் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அடுத்த வாரம் வாருங்கள்” என்றாள். பூசம் முடிந்த பிறகு அந்த ரவிக்கை எதற்கு? மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதலாளி இல்லை என்றார்கள். குளிரூட்டிய கடை, கண்ணாடிக் கதவு, அழகான பெயர்ப்பலகை எல்லாம் இருந்தும் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. தோழியோ, “விரதத்தில் கோபப்படக் கூடாது, வா” என்று துணியை மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நல்ல வேளை, அன்று வியாழக்கிழமை. காட்ர் போர்ன் நகரச் சந்தையில் புதனும் சனியும் காய்கறி, வியாழனும் ஞாயிறும் துணிமணி. மறுபடி மெட்ரோ ஏறிப் போனோம். ஏற்றுமதி ஆலைகளில் மிஞ்சிய சட்டைகள் குவியல் குவியலாகக் கிடக்கும் வரிசைகளைத் தாண்டி, கோடியில் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் அம்மையார் ஒருவர் காவடிக்கென்றே ராணி நிறப் புடவைகளும் ஆயத்த ரவிக்கைகளும் தொங்கவிட்டிருந்தார். தோழிக்குப் பிடித்த ரவிக்கை இரண்டு அளவு பெரியது. அம்மையார் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரு பக்கமும் மடித்துக் குத்தினார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கைத்தையல் இயந்திரத்தை எடுத்து வைத்தார். எங்களுக்கு இரண்டு முக்காலி போட்டார். பிள்ளைகளைப் பற்றி, போன ஆண்டு காலமான அவள் அப்பாவைப் பற்றி நாங்கள் பேசி முடிக்கவும் ரவிக்கை தயாராகவும் சரியாக இருந்தது.

ரவிக்கைக்கு மட்டும்தான் விலை. தைத்த கூலியை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. தம் மகனுக்கு உடம்பு சரியில்லாதபோது கோர் தெ கார்த் மலைச் சரிவிலுள்ள முருகன் கோயிலுக்கு அவரும் பால்குடம் எடுத்திருக்கிறாராம். “கோயிலிலிருந்து எனக்கு ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தால் போதும்” என்றார்.

பூசத்தன்று பால்குடத்தை இறக்கிய கையோடு தோழி ஓர் எலுமிச்சம்பழத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த வியாழக்கிழமை நான் விமான நிலையத்தில் இருந்தேன். பழத்தைக் கொடுத்துவிட்டதாகச் சந்தையிலிருந்தே செய்தி அனுப்பியிருந்தாள்.