நர்சரி ‘ஜின்செங்’ போன்சாய்: வாங்கலாமா?

கிழங்கு போலப் பருத்த அடிவேர், உச்சியில் குட்டிக் கொண்டை. நர்சரிகளில் இப்படி விற்கும் ஃபைகஸ் ஜின்செங், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல சரக்கு. ஆனால் தயாரான போன்சாய் என்று நம்பி வாங்காதீர்கள். அடிமரம் மட்டும்தான் தயார். கிளையும் மண்ணும் நம் பொறுப்பு.

ஆல், அரசுக்கு உறவான ஃபைகஸ் மைக்ரோகார்ப்பாதான் இது. சீனாவின் ஃபூஜியன் பக்கம் விதை போட்டு வளர்த்து, பருத்த வேரை மண்ணுக்கு மேலே தூக்கி நட்டு, பெரும்பாலும் சிற்றிலை ரகத்தை ஒட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரை உடனே கிள்ளுங்கள். விட்டால் அதுவே சத்தை இழுத்து, மேலேயுள்ள ரகத்தை நலிய வைக்கும்.

பெரிய குறை, மண்ணுக்குப் பதிலாகக் கூடவே வரும் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். மேலே காய்ந்திருக்கும்; வேர்ப்பந்தின் நடுவே சொதசொதவென்று இருக்கும். அழுகல் அங்கேதான் தொடங்குகிறது. மேலே கூழாங்கல்லைப் பசையால் ஒட்டியிருந்தால் பெயர்த்துவிடுங்கள். 3 முதல் 5 மி.மீ. செங்கல் துகள் 2 பங்கு, பருமணல் 1, மட்கிய தொழுவுரம் 1 என்று கலந்து மாற்றுங்கள். தூசியைச் சலிக்காவிட்டால் வடிகால் அடைபடும். கத்திரி வெயிலிலும் அடைமழையிலும் மாற்ற வேண்டாம். சல்லிவேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள்.

தொட்டி சிறிதானால் மரமும் சிறிதாகவே நிற்கும் என்று கடையில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அளவைப் பிடித்து வைப்பது கவாத்து, அதாவது கிளையை வெட்டிவிடுவது. தளிர் 6 முதல் 8 இலை விட்டதும் 2 இலைக்கு வெட்டுங்கள். அதற்கு முன்பே கிள்ளிக்கொண்டிருந்தால் கிளை பருக்காது. உச்சி வேகமாக ஓடும். அதை ஒட்ட வெட்டி, கீழ்க்கிளைகளைக் கொஞ்சம் ஓடவிடுங்கள். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.

கிளையைச் சுற்றி வளைக்க அலுமினியக் கம்பி போதும். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். வளரும் பருவத்தில் ஒரே மாதத்தில் பட்டைக்குள் புதைந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தால் கிளை ஒடியாது.

‘இன்டோர்’ என்ற சீட்டை நம்பி வரவேற்பறையில் வைத்தால் கணுக்களுக்கு இடைவெளி நீண்டு இலை கொட்டும். காலை வெயில் படும் பால்கனிதான் இதற்கு இடம்.

வாங்கும்போது அடிவேரை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் அழுகல். விலை குறைத்தாலும் வேண்டாம். ஒட்டுத் தழும்பு துருத்தாமல், கிளைகள் நாலு பக்கமும் பிரிந்திருப்பதாகப் பார்த்து எடுங்கள்.