மாதம் ஒருமுறை ஆடுபவனின் வெட்ஜ்

கோல்ஃபில் என் ஹேண்டிகேப் (திறமையைக் காட்டும் எண், கூடினால் ஆட்டம் சுமார் என்று அர்த்தம்) 28. மாதத்துக்கு ஒருமுறை ஆடினாலே பெரிய விஷயம். அப்படிப்பட்ட நான் டிவியில் பார்த்த ஆசையில் முகம் 60 டிகிரி சாய்ந்த பிளேடு வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கி அடிக்கும் மட்டை, முதுகில் குழிவில்லாத வகை) வாங்கியது என் தப்புதான். பவுன்ஸ், அதாவது அடிப்பாகம் முன்விளிம்பைவிடக் கீழே இறங்கியிருக்கும் கோணம், வெறும் 6 டிகிரி. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னாலேயே மண்ணைத் தோண்டும். இல்லாவிட்டால் விளிம்பு பந்தின் நடுவயிற்றில் பட்டு, பந்து குழி இருக்கும் கிரீனைத் தாண்டிப் பறக்கும்.

இப்போது கையில் இருப்பது கிளீவ்லாண்ட் சிபிஎக்ஸ் 2 வெட்ஜ். 56 டிகிரி, பவுன்ஸ் 12. யாரோ ஆடிய பழசு, புதிதின் பாதி விலைக்குக் கிடைத்தது. என் மற்ற இரும்புத்தலை மட்டைகளான அயர்ன்கள் மாதிரியே முதுகில் குழிவு, அடிப்பாகம் அகலம். பங்கர் என்னும் மணல்குழியில் மட்டையின் முகத்தைக் கொஞ்சம் வானம் பார்க்கத் திறந்து, பந்துக்குப் பின்னால் மணலை அடித்தால் தலை புதையாமல் வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு முறை ஒரே அடியில் வெளியேறுகிறேன். எனக்கு இது சாதனை! இறுகிய வெற்றுத் தரையில் மட்டும் துள்ளுகிறது. அங்கே 9 அயர்னை எடுத்து உருட்டிவிடுகிறேன்.

பழசு வாங்கினால் மட்டை முகத்தின் பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சிக்காமல் வழுக்கினால் வேண்டாம். அப்புறம், வெட்ஜ்களை மூன்று நான்காகச் செட் வாங்கத் தேவையில்லை. என் பிட்சிங் வெட்ஜ் (சாய்வு குறைந்த வெட்ஜ்) 44 டிகிரி. அதற்கும் 56-க்கும் நடுவில் ஒரு 50 போதும். நான் வாங்கிய பழசில் கைப்பிடி உறையான கிரிப் மட்டும் வழவழத்துப் போயிருந்தது, மாற்றிக்கொண்டேன்.