சொந்தமா இம்போர்ட் செக்கர் எழுத ஃப்ளேக்8 எப்படி?

பைத்தான்ல இம்போர்ட் (வேற ஃபைல், லைப்ரரிய உள்ள கொண்டு வர்ற லைன்) வரிசைய பாக்க ஐசார்ட், ரஃப்னு டூல் எல்லாம் இருக்கே, அப்புறம் எதுக்கு சொந்தமா ஒண்ணுன்னு கேப்பீங்க. வெறும் வரிசைதான்னா அதுவே போதும். எங்க டீமுக்கு வேண்டிய ரூல் வேற: ஃபங்ஷனுக்குள்ள இம்போர்ட் போட்டா, ஏன் அங்க போட்டேன்னு அதே லைன்ல கமெண்ட் இருக்கணும். ரெண்டு ஃபைல் ஒண்ண ஒண்ணு கூப்பிடற சர்குலர் இம்போர்ட்டா, லோட் ஆக லேட் ஆகற லைப்ரரியா, எதுவா இருந்தாலும் எழுதிட்டு போ, அவ்ளோதான். ரஃப்ல நம்ம சொந்த பிளகின் போட வழி இல்ல, அதான் பைத்தான் கோட்ல தப்பு தேடற, சொந்த பிளகின் போட விடற ஃப்ளேக்8 பக்கம் போனேன்.

பைத்தான் கோட பார்ஸ் பண்ணி ஒரு மரமா குடுக்கும், அதான் ஏஎஸ்டி; அதுல ஒவ்வொரு துண்டும் ஒரு நோட். மொதல்ல ஏஎஸ்டி வாக் வச்சு எழுதி மாட்டிக்கிட்டேன், அது எல்லா நோடையும் குடுக்கும் ஆனா இந்த இம்போர்ட் எதுக்குள்ள இருக்குன்னு சொல்லாது. அப்புறம் ஒவ்வொரு வகை நோடுக்கும் தனியா நாம ஃபங்ஷன் எழுதிக்கற நோட் விசிட்டர்க்கு மாறி, ஃபங்ஷனுக்குள்ள போனா ஒண்ணு கூட்டு, வெளிய வந்தா ஒண்ணு கழின்னு ஒரு கவுண்டர் வச்சேன். அசிங்க் ஃபங்ஷன் தனி நோடுன்னு மறந்துட்டு ரெண்டு நாள் எல்லாம் சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தது தனிக்கதை.

அடுத்த சிக்கல், ஏஎஸ்டில கமெண்ட்டே இருக்காது, பார்ஸ் பண்ணும்போதே போயிடும். இங்கதான் ஃப்ளேக்8 எனக்கு ரொம்ப பிடிச்சது. நம்ம கிளாஸோட இனிட்ல ட்ரீ, ஃபைல் டோக்கன்ஸ்னு பேர் மட்டும் போட்டா போதும், பேரப் பாத்து அந்த மரம், கமெண்ட்டோட சேத்து கோட துண்டு துண்டா பிரிச்ச டோக்கன் லிஸ்ட்னு அதுவே ரெண்டையும் குடுத்துடுது. பிராக்கெட் போட்டு நாலு லைனுக்கு நீளற இம்போர்ட்னா ஆரம்ப லைன்ல இருந்து எண்ட் லைன் வரைக்கும் எங்கயாவது கமெண்ட் டோக்கன் இருக்கான்னு பாத்தா முடிஞ்சுது. பேக்கேஜ் பண்ணி இன்ஸ்டால் பண்ணவும் வேணாம், கான்ஃபிக்ல லோக்கல் பிளகின்ஸ்னு ஒரு செக்‌ஷன் போட்டா எடுத்துக்கும்.

குறைன்னா, நிறைய பைத்தான் டூலுக்கு பொதுவா செட்டிங் எழுதற பைப்ராஜெக்ட் டாமல் ஃபைல்ல இதோட கான்ஃபிக் எழுத முடியாது, அதுக்குன்னே தனி ஃபைல் வேணும். எர்ரர் கோடு மூணு எழுத்து, மூணு நம்பர தாண்டக்கூடாது. தப்ப சொல்லும், திருத்தாது. எங்க ரூலுக்கு அது பரவால்ல, காரணத்த மனுஷன்தான எழுதணும்.

ஆனா ஆளுங்க காரணம் எழுத சோம்பேறித்தனப்பட்டு, இந்த லைன்ல தப்பு சொல்லாதன்னு அர்த்தம் வர்ற நோக்யூஏ கமெண்ட்ட போட்டுட்டு போயிடறாங்க, அந்த லைன்ல ஃப்ளேக்8 கப்சிப். அத கண்டுக்காதன்னு சொல்ற டிசேபிள் நோக்யூஏ ஆப்ஷன் போட்டு ஓட்டிப் பாத்தா, நோக்யூஏங்கறதும் ஒரு கமெண்ட்தானேன்னு அதையே காரணமா எடுத்துக்கிட்டு பாஸ் போடுது என் செக்கர். இத இன்னும் சரி பண்ணல.