காசிமேட்டு உப்புக் காற்றுக்கு எந்தச் சிலிண்டர்?

பூட்டில் சாவி நுழைந்து திரும்பும் பாகம்தான் சிலிண்டர். கடலைப் பார்த்த கதவென்றால் டிஸ்க் சிலிண்டர்தான். பின் (pin, சிறு உலோக முளை) வைத்த சிலிண்டர், டிம்பிள் சிலிண்டர் இரண்டும் அதற்கு அடுத்துதான்.

திருடனை எது அதிக நேரம் நிறுத்தும் என்றுதான் கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் திருடனுக்கு முன்னால் உப்பு வந்துவிடும். உப்பு முதலில் கை வைப்பது ஸ்பிரிங்கில்.

ஐந்து பின் சிலிண்டருக்குள் ஐந்து ஜோடி பின், ஐந்து மெல்லிய ஸ்பிரிங். நம் மரக்கதவுகளில் மாட்டும் ஐரோப்பிய வடிவ சிலிண்டரில் பின் குழிகள் சாவித் துளைக்குக் கீழே இருக்கும். ஸ்பிரிங்தான் பின்னை மேலே தள்ள வேண்டும். தூசியும் ஈரமும் எண்ணெயும் அந்தக் குழிகளில்தான் போய்த் தங்கும். ஸ்பிரிங் துருப்பிடித்து ஒரு பின் மேலே வராவிட்டால் போதும், சாவி உள்ளே போகும், திரும்பாது. கதவைத் தட்டினால் திரும்புகிறதா? ஸ்பிரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பலம் போட்டால் சாவி உள்ளேயே முறியும். இதற்குத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஊர் வைத்தியம். இரண்டு மாதத்தில் தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். கிராஃபைட் பொடி போடுங்கள், எண்ணெயோடு கலக்காமல்.

டிம்பிளும் பின் சிலிண்டர்தான், பின்களை வேறு பக்கம் திருப்பி வைத்தது. சாவியில் பல்லுக்குப் பதில் சிறு குழிகள் இருக்கும். சாவியை எப்படிப் போட்டாலும் நுழையும், அது வசதி. சாவியின் குழிகளில் அழுக்கு அடைந்தால் அளவு மாறும். ஊசியால் நோண்டி எடுக்க வேண்டும்.

டிஸ்க் வகை 1907இல் பின்லாந்தின் எமில் ஹென்ரிக்சன் கண்டது. பின் கிடையாது, வரிசையாக வட்டத் தகடுகள்தான். சாவி ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வொரு கோணத்துக்குத் திருப்பும்; தகடுகளின் விளிம்பு வெட்டுகள் ஒரே கோட்டில் வந்ததும் பக்கத்துக் கம்பி அதில் விழும், பூட்டு சுழலும். சாவியைத் திருப்பி எடுக்கும்போது தகடுகள் பழைய இடத்துக்குப் போகும். இந்த வேலைக்கு ஸ்பிரிங் தேவையில்லை. மணல் புகுந்தால் கரகரக்கும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பத்து முறை திருப்பினால் சரியாகும்.

குறை, டூப்ளிகேட் சாவிதான். தெருமுனை மெஷினில் இதை வெட்ட முடியாது. சாவி பேடன்ட்டில் இருந்தால் வெட்டாத வெறும் சாவியே வெளியில் கிடைக்காது. இந்தியாவில் பேடன்ட் 20 வருடம். வாங்கும்போதே நான்கு சாவி கேளுங்கள். விலையும் கூடுதல். வீட்டுக்குள் இருக்கும் அறைக் கதவுக்கு இது வீண் செலவு, அங்கே பின் சிலிண்டரே போதும்.

எந்த வகையானாலும் நடு ஸ்குரூ துளையிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள். வெளிப்பக்கம் கதவின் மூடித் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீட்டினால் திருடனின் குறடு பிடிக்கும்; சிலிண்டர் அந்த ஸ்குரூ துளையில்தான் முறியும்.