மூக்கு ஆபரேஷன்: டாக்டருக்குத் திருப்தி, நோயாளிக்கு?

காட்பாடியில் இருக்கும் என் அத்தை மகனுக்கு மூக்கின் நடுச்சுவர் வளைவு, வெளியிலும் ஒரு பக்கச் சாய்வு. இரண்டையும் ஒரே ஆபரேஷனில் நிமிர்த்தினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்த டாக்டருக்கு முழுத் திருப்தி. இவனோ, "உள்ளே அடைச்ச மாதிரியே இருக்கு" என்றான்.

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். நடுக்கோடு நேரா, மேலுதட்டோடு சேரும் கோணம் ஆண்களுக்குரிய 90 டிகிரியை ஒட்டி வந்ததா என்பது அவர் கணக்கு. நிமிர்த்தி முட்டுக்கொடுக்க உள்ளே எவ்வளவு குருத்தெலும்பு கிடைத்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும். நோயாளி ஒப்பிடுவது மனசில் வரைந்து வைத்த மூக்கோடு. அதையும் கண்ணாடியில், இடம் வலம் மாறிப் பார்க்கிறார்.

மூச்சு விஷயம்தான் வேடிக்கை. கருவி அளக்கும் காற்றோட்டமும் நோயாளி சொல்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. காற்று பட்டு உள்சவ்வு குளிர்வதைத்தான் 'மூக்கு திறந்திருக்கு' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தைலம் முகர்ந்தால் வழி ஒரு நூல்கூட அகலமாவதில்லை, ஆனாலும் அடைப்பு விட்ட மாதிரி இருக்கிறதே, அதனால்தான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து "வழி கிளியர்" என்றதும் பொய்யில்லை, இவன் அடைப்பு என்றதும் பொய்யில்லை.

இதற்காகவே நோயாளியை மட்டும் கேட்கும் கேள்வித்தாள்கள் உண்டு. 2004இல் வந்த 'நோஸ்' அளவுகோலில் 5 கேள்விகள். அடைப்பு, தூக்கம், ஓடியாடும்போது மூச்சு போதுகிறதா என்று போகும். தோற்றத்தையும் கேட்கும் 'ஆர்.ஓ.இ.' தாளில் 6. அதில் ஒன்று, உங்கள் மூக்கு வேண்டியவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது. நம் ஊரில் அதற்குக் கேட்காமலே பதில் வந்துவிடும்!

வேலூருக்கு இதில் பழைய கதை ஒன்று உண்டு. 1946இல் இங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். வேலை செய்யும் கை கிடைத்தும் முகத்தைப் பார்த்து ஊர் ஒதுக்கியது. அப்புறம் அந்த நோயால் அமுங்கிய மூக்குகளையும் நிமிர்த்த வேண்டியதாயிற்று.

யாரை நம்புவது? முதல் சில மாதம் டாக்டரை. நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும், தோல் தடித்திருந்தால் இன்னும் இழுக்கும். அதற்குப் பிறகும் அடைப்பு என்றால் நோயாளி சொல்வதுதான் கணக்கு, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இவனுக்கு இப்போது ஆறாவது மாதம். ராத்திரி வாயை மூடித் தூங்குகிறான் என்கிறார் அத்தை. இவன் இன்னும் நுனியைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.